ஓட்டுப் போட அட்டை கேட்கலாம், அந்த அட்டையைக் கொடுக்க வேண்டியது யார்?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

டெக்சாஸில் நம்மவர்கள் நாலு பேர் கூடிப் பேச்சு தேர்தல் பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்லிவிடுவார்: "நம்ம ஊரிலேயே அட்டை காட்டித்தான் ஓட்டுப் போடுகிறோம், இங்கே அட்டை கேட்டால் மட்டும் ஏன் இத்தனை கூச்சல்?" சொல்கிறவர் குடியுரிமை வாங்கியவர், பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தினமும் கார் ஓட்டுகிறவர். அவருக்கு அட்டை காட்டுவது ஒரு நிமிட வேலை. அது ஒரு நிமிட வேலையாக இல்லாதவர்களைப் பற்றித்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். என்ன நடந்தது என்று முதலில் படித்துவிடுங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

2011இல் டெக்சாஸ், செனட் மசோதா 14 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. வாக்குச்சாவடியில் புகைப்படம் உள்ள ஏழு வகை அடையாளங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். கைத்துப்பாக்கி உரிமம் அந்தப் பட்டியலில் இருந்தது, கல்லூரி மாணவர் அட்டை இல்லை. இனப் பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் சொன்னதால் இரண்டு வருடம் இது முடங்கிக் கிடந்தது. 2013 ஜூன் 25 அன்று ஷெல்பி கவுன்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. அடுத்த சில மணி நேரத்திலேயே சட்டம் அமலுக்கு வருகிறது என்று டெக்சாஸ் அறிவித்துவிட்டது.

2014இல் விசாரணை நீதிபதி நெல்வா கொன்சாலஸ் ராமோஸ் தீர்ப்புச் சொன்னார். ஏற்கெனவே பட்டியலில் உள்ள வாக்காளர்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இந்த ஏழில் ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய பத்தாண்டில் பதிவான சுமார் 2 கோடி ஓட்டுகளில், வேறொருவர் பெயரில் நேரில் வந்து போட்டதாகத் தண்டனை பெற்றவர்கள் 2 பேர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரசு இலவச அட்டை தரத் தயாராகத்தான் இருந்தது. அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்குத்தான் காசு. மிசிசிப்பியில் பிறந்த ஒரு வயதான பெண்மணி அந்த வழக்கில் சாட்சி சொன்னார். சான்றிதழுக்கு 42 டாலர். அந்தப் பணத்தைக் குடும்பத்தின் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டேன், சான்றிதழைச் சாப்பிட முடியாது, அதைக் கொடுத்து வாடகை கட்டவும் முடியாது என்ற பொருளில் அவர் பேசினார். ஓட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்று 1964இல் அரசியல் சட்டத்தையே திருத்திய நாடு இது.

எடிசன் அக்கா எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியது மனதைத் தொடுகிறது, ஆனால் நான் மறுபக்கம்தான். நியூஜெர்சியில் நான் ஓட்டுப் போடப் போனால் பெயரைச் சொல்கிறேன், புத்தகத்தில் உள்ள என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போடுகிறேன், முடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. கூரியர் வாங்கக்கூட அடையாளம் கேட்கிற நாட்டில் இது எனக்கு உறுத்துகிறது. நான் மட்டும் இல்லை, 2024இல் காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 84 சதவீதம் பேர் புகைப்பட அடையாளம் வேண்டும் என்றார்கள். அதில் எல்லாக் கட்சிக்காரர்களும் எல்லா இனத்தவரும் இருந்தார்கள்.

ஆள்மாறாட்ட வழக்குகள் குறைவு என்கிறீர்கள். அடையாளமே கேட்காத இடத்தில் ஆள்மாறாட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால்தானே வழக்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களால் ஓட்டுப்பதிவு சரிந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். 2008 முதல் 2018 வரை நாடு முழுக்க உள்ள வாக்காளர் தரவை வைத்துக் கான்டோனி, பான்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். கடுமையான அடையாளச் சட்டம் உள்ள மாநிலங்களில் ஓட்டுப்பதிவு குறிப்பிடும்படி குறையவில்லை, கறுப்பினத்தவர் மத்தியிலும் குறையவில்லை. 2008இல் இண்டியானா மாநிலத்தின் அடையாளச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று ஏற்றுக்கொண்டதையும் மறக்க வேண்டாம். தீர்ப்பின் முதன்மைக் கருத்தை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ், அவரை யாரும் வலதுசாரி என்று சொல்ல மாட்டார்கள்.

பூத் வாத்தியார் எழுதியது:

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் எங்களுக்குத்தான் வேலை. "இந்தியாவிலேயே அட்டை காட்டுகிறோம்" என்று அமெரிக்காவில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அட்டைக்குப் பின்னால் இங்கே என்னென்ன வேலை நடக்கிறது என்பதை அவர்கள் சொல்வதே இல்லை.

பூத்துக்குள் வாக்காளர் வந்ததும் முதல் வாக்குப்பதிவு அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார். கட்சி ஏஜெண்டுகள் அங்கேயே உட்கார்ந்து தங்கள் நகலில் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள், யார் வீட்டுப் பிள்ளை யார் என்று தெரியும். சந்தேகம் வந்தால் ஏஜெண்டு 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு, இடது ஆள்காட்டி விரலில் மை, 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைநாட்டு, அதற்குப் பிறகுதான் இயந்திரம். உங்கள் ஓட்டை வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, விசாரித்துவிட்டு 49பி (49P) விதியில் வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டால், உண்மையான ஆள் வந்து நிற்கும்போது விஷயம் வெளியே வந்துவிடும். கள்ள ஓட்டு எங்களுக்குப் புதிது இல்லை. அது நடந்த இடங்களில் பூத் முழுக்கத் தெரியும்.

அட்டைக்கு வருகிறேன். 1993இல் சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது புகைப்பட அட்டை வந்தது. மாநிலங்கள் செலவுக்குப் பயந்தபோது அட்டை இல்லாவிட்டால் தேர்தலே இல்லை என்று மிரட்டினார். யாரை மிரட்டினார் என்பதைக் கவனியுங்கள். அரசாங்கத்தை! வாக்காளரை இல்லை. புகைப்படக்காரர்கள் ஊர் ஊராக வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு வரிசையாகப் படம் எடுத்தார்கள். இன்றைக்கும் அட்டை தொலைந்தவர் ஆதார், பான், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய தபால் நிலையப் பாஸ்புக் என்று 2024 தேர்தலில் அனுமதித்த 12 ஆவணங்களில் ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும். அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் அதைப் பெரிதுபடுத்தாதே என்று எங்களுக்குக் கையேட்டிலேயே சொல்லியிருக்கிறது. 2 கிலோமீட்டருக்குள் பூத் இருக்க வேண்டும் என்பது விதி.

ஹூஸ்டன் தம்பி, டெக்சாஸில் அந்த இலவச அட்டை வாங்க எவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

வாத்தியார் ஐயா, சரியான இடத்தைப் பிடித்தீர்கள். டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள். சட்டம் வந்த காலத்தில் அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கில், அந்த அட்டையைக் கொடுக்கிற ஓட்டுநர் உரிம அலுவலகமே இல்லை. மேற்கு டெக்சாஸில் சிலருக்குப் போய்வர 200 மைலுக்கு மேல். உரிமம் இல்லாதவருக்குத்தான் அட்டை தேவை, உரிமம் இல்லாதவர் எப்படி 200 மைல் வண்டி ஓட்டுவார்? பஸ்ஸும் கிடையாது. வேலைக்கு லீவு போட்டால் சம்பளம் கிடையாது.

அக்கா, இண்டியானா வழக்கைச் சொன்னீர்கள். தீர்ப்பு வந்தது 2008 ஏப்ரல் கடைசியில். அடுத்த வாரம் அங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல். சவுத் பெண்ட் நகரில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்த சுமார் ஒரு டஜன் கன்னியாஸ்திரீகளைத் திருப்பி அனுப்பினார்கள். எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள், கார் ஓட்டுவதை என்றைக்கோ நிறுத்தியவர்கள், கையில் செல்லுபடியாகும் அடையாளம் இல்லை. திருப்பி அனுப்பிய தேர்தல் அலுவலரும் அதே மடத்துச் சகோதரிதான். வந்தவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும், தினமும் பார்க்கிற முகங்கள். சட்டம் அவர் கண்ணை நம்பவில்லை. அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ஸ்டீவன்ஸின் கருத்திலேயே, இண்டியானாவின் வரலாற்றில் நேரடி ஆள்மாறாட்டம் ஒன்றுகூட நடந்ததாக ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், 2014இல் விஸ்கான்சின் மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டம் பற்றிய வழக்கில் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

2021 ஆய்வைப் பற்றி. நான் அதை மதிக்கிறேன். ஆனால் முழுதாகச் சொல்லுங்கள்: இந்தச் சட்டங்களால் மோசடி குறைந்ததற்கும் அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. மொத்தச் சராசரியில் தெரியவில்லை என்பதற்காக, 42 டாலர் இல்லாத அந்த அம்மாவின் ஓட்டு போனது போகவில்லை என்று ஆகிவிடுமா? கட்சிகளும் தேவாலயங்களும் ஆட்களைத் திரட்டி வண்டி வைத்துக் கூட்டிப்போனதால் ஒரு பக்கம் குறைந்தது இன்னொரு பக்கம் நிரம்பியிருக்கலாம். உரிமை என்பது தலைக்குத் தலை உள்ளது.

ஈஸ்ட்ஹாம் தமிழன் எழுதியது:

பிரிட்டன் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 2022 தேர்தல் சட்டத்தில் புகைப்பட அடையாளம் வந்தது. 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் இங்கிலாந்தில் சுமார் 14,000 பேர் சாவடிக்கு வந்து அடையாளம் இல்லாமல் திரும்பிப் போனார்கள், மறுபடி வரவில்லை. 2024 பொதுத் தேர்தலில் சுமார் 16,000. சதவீதத்தில் பார்த்தால் மிகச் சிறியது. எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில்: முதியோர் பஸ் பாஸ் செல்லும், இளைஞர் ரயில் அட்டை செல்லாது. ஆனால் வட அயர்லாந்தில் 2003 முதல் புகைப்பட அடையாளம் இருக்கிறது, பெரிய சச்சரவு இல்லை. அங்கே உண்மையிலேயே ஆள்மாறாட்டம் பெரிய தொல்லையாக இருந்தது, இலவசத் தேர்தல் அட்டையையும் சட்டத்தோடு சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

கோர்ட்டு வாசல் எழுதியது:

எல்லோரும் "உரிமை, உரிமை" என்கிறீர்கள். ஓட்டு எந்த வகை உரிமை என்று பார்த்தால் இரண்டு நாடுகளிலும் அது நாம் நினைக்கிற அளவுக்குக் கெட்டியாக இல்லை.

1952இல் முதல் பொதுத் தேர்தல் சமயத்தில் நாமக்கல் தொகுதியில் என்.பி. பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவை நிராகரித்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஓட்டுப் போடுவதும் போட்டியிடுவதும் சட்டத்தால் உண்டான உரிமை, அந்தச் சட்டம் விதிக்கும் வரம்புக்கு உட்பட்டது என்று அங்கே சொன்ன வார்த்தை இன்றுவரை நம்மைத் துரத்துகிறது. 2006இல் குல்தீப் நய்யார் வழக்கிலும் அதே நிலைதான். 2023இல் தேர்தல் ஆணையர் நியமன வழக்கில் ஐந்து நீதிபதிகளில் அஜய் ரஸ்தோகி மட்டும் இதை அடிப்படை உரிமை என்று தனியாக எழுதினார். இத்தனைக்கும் நம் அரசியல் சட்டம் 326ஆம் பிரிவில் வயது வந்தோர் வாக்குரிமையை எழுத்தில் வைத்திருக்கிறது. ஒரே ஒரு உதாரணம்: விசாரணைக் கைதி சிறையிலிருந்து தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போட முடியாது.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் "ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓட்டு உண்டு" என்று நேராக ஒரு வரி இல்லை. 1870இல் இனத்தைக் காட்டி மறுக்காதே, 1920இல் பாலினத்தைக் காட்டி மறுக்காதே, 1971இல் 18 ஆனவருக்கு வயதைக் காட்டி மறுக்காதே. எல்லாம் மறுக்காதே, மறுக்காதே என்றுதான். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவுக்கு ஓட்டுப் போடத் தனி மனிதருக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று 2000இல் புஷ் எதிர் கோர் வழக்கில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அதனால்தான் அங்கே ஒவ்வொரு வழக்கும் "சுமை எவ்வளவு" என்ற அளவையில் போய் நிற்கிறது. 1966இல் வர்ஜீனியாவின் ஒன்றரை டாலர் வாக்கு வரியை, ஓட்டுக்குப் பணத்தை நிபந்தனையாக்கக் கூடாது என்று ரத்து செய்த அதே நீதிமன்றம், 2008இல் அட்டை வாங்க அலைவதைப் பெரிய சுமையாகப் பார்க்கவில்லை. என் கருத்து இது: ஓட்டு முழு உரிமை என்றால், அதைத் தடுக்கிற அரசுதான் காரணத்தை நிரூபிக்க வேண்டும், வாக்காளர் தன் கஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

எடிசன் அக்கா எழுதியது:

கோர்ட்டு வாசல் சார், கடைசி வரி எனக்குப் பிடித்தது. ஆனால் பட்டியலில் குடிமக்கள் அல்லாதவர் இருந்தால் என் ஓட்டின் மதிப்பும் குறைகிறதே, அதுவும் உரிமைப் பிரச்சினைதானே? சாவடியில் அட்டை கேட்பதை விடுங்கள். பதிவு செய்யும்போதே குடியுரிமைச் சான்று கேட்டால் என்ன?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

கேட்டுப் பார்த்தார்கள் அக்கா. கான்சஸ் மாநிலம் 2013 முதல் அதைத்தான் செய்தது. 31,000 பேருக்கு மேல் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது, அந்தக் காலத்தில் வந்த விண்ணப்பங்களில் சுமார் 12 சதவீதம். வழக்கில் தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் கிரிஸ் கோபாக் தானே வாதாடினார். 19 வருடத்தில் பட்டியலில் ஏறிவிட்ட குடியுரிமை இல்லாதவர்கள் என்று நீதிபதிக்குக் கிடைத்த எண்ணிக்கை 39. பலர் குழப்பத்தாலோ அலுவலகத் தவறாலோ பதிவானவர்கள். 2018இல் சட்டம் ரத்தானது, 2020இல் மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை.

இதையே நாடு முழுக்க ஆக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2025 ஏப்ரலில் 220க்கு 208 என்று நிறைவேற்றியது. நம் வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். ஊரில் இனிஷியல், இங்கே வந்தால் அப்பா பெயர் கடைசிப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர், குடியுரிமைச் சான்றிதழில் ஒன்று, லைசென்ஸில் இன்னொன்று. அந்தச் சான்றிதழ் தொலைந்து புதிதாக வாங்கினால் 500 டாலருக்கு மேல். அமெரிக்கர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேரிடம் பாஸ்போர்ட் கிடையாது.

பூத் வாத்தியார் எழுதியது:

பெயர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1951-52 பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்றுதான் பதிந்தார்கள், சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப் பதிவதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள். அவர் நினைத்தது நல்லதுதான், ஒரு பெண் தன் பெயரில் ஓட்டுப் போட வேண்டும் என்று. ஆனாலும் முதல் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

நான் மேலே இந்தியாவைப் புகழ்ந்து எழுதியதற்கு இப்போது ஒரு நிபந்தனை போட வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 24இல் பீகாரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று ஆரம்பித்தார்கள். 2003 பட்டியலில் இல்லாதவர்கள் 11 ஆவணங்களில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆதார் அதில் இல்லை, தேர்தல் ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை! ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பேர் விடுபட்டார்கள். பெயர்களையும் காரணத்தையும் வெளியிடு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வெளியிட்டார்கள். செப்டம்பரில் ஆதாரை 12ஆவது ஆவணமாக ஏற்கச் சொன்னதும் நீதிமன்றம்தான். அப்புறம் அது நம் ஊருக்கும் வந்தது. டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள், வீடு மாறியவர்கள் என்று நீக்க வேண்டியவை அதில் நிறைய உண்டு, பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன குடும்பம், கதவு பூட்டியிருந்த நாளில் "குடிபெயர்ந்தவர்" ஆகிவிடுகிறது. முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002இல் உன் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று கூலிக்குப் போகிற பெண்ணிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்தப் பட்டியல் அரசிடம் இருக்கிறது, தேடவேண்டியது அரசு.

அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் பூத்தில் நான் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் சண்டை சாவடி வாசலில் நடக்கிறது, இங்கே அதற்கு ஆறு மாதம் முன்பே, பட்டியலில் நடந்து முடிந்துவிடுகிறது.

எடிசன் அக்கா எழுதியது:

வாத்தியார் ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அப்படியென்றால் எந்த மாதிரிச் சட்டம் வந்தால் நீங்கள் இருவரும் ஒத்துக்கொள்வீர்கள்? "எதுவும் வேண்டாம்" என்பது பதில் ஆகாது, 84 சதவீதம் பேரின் சந்தேகத்தை நாம் துடைத்துப் போட்டுவிட முடியாது.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

2005இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் தலைமை வகித்த ஆணையம் சொன்னதை அப்படியே நடைமுறைப்படுத்தினால் நான் ஒத்துக்கொள்வேன். புகைப்பட அடையாளம் கேள், ஆனால் அட்டை இல்லாதவரை அரசே தேடிப் போய், நடமாடும் அலுவலகம் வைத்து, இலவசமாகக் கொடு என்றார்கள். மாநிலங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. அட்டைக்கு அடிப்படையான பிறப்புச் சான்றிதழும் இலவசமாக வேண்டும், வேறு மாநிலத்தில் பிறந்திருந்தால் அதை வாங்கித் தருவதும் அரசின் வேலை. அட்டை எல்லார் கைக்கும் போய்ச் சேரும் வரை, இல்லாதவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டுப் போட வழி வேண்டும்.

எடிசன் அக்கா எழுதியது:

சாவடியில் இது எனக்குச் சம்மதம். பதிவின்போது குடியுரிமைச் சான்று விஷயத்தில் நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை, அரசிடம் இருக்கும் தரவை வைத்து அரசே சரிபார்க்கட்டும் என்பதுவரைதான் வருவேன். அந்த உறுதிமொழி வழி இப்போது டெக்சாஸில் இருக்கிறதா?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

இருக்கிறது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் பாகுபாடான விளைவை உண்டாக்குகிறது என்று சொன்ன பிறகு வந்தது, 2017இல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். நிறையப் பேருக்குத் தெரியாததால் எழுதிவிடுகிறேன், உங்கள் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள். உங்களிடம் அந்த ஏழில் ஒன்று இல்லை, நியாயமான காரணத்தால் வாங்கவும் முடியவில்லை என்றால், சாவடியில் அதற்கான படிவத்தைக் கேளுங்கள். காரணத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டு, வாக்காளர் பதிவுச் சான்றிதழ், மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளக் காசோலை இவற்றில் பெயரும் முகவரியும் உள்ள ஒன்றைக் காட்டினால் வழக்கமான ஓட்டே போடலாம். பொய் எழுதினால் சிறைத்தண்டனைக்குரிய குற்றம், அதனால் உண்மையை மட்டும் எழுதுங்கள். காலாவதியான லைசென்ஸ் 70 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நான்கு வருடம் வரை செல்லும், 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு எத்தனை வருடம் பழையதானாலும் செல்லும். வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், அட்டை இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிற பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.